ராலி செலவைக் குறைக்க எந்த விதி? ஐந்து வழிகளை எடை போட்டுப் பார்ப்போம்

1999ல் உலக ராலி சாம்பியன்ஷிப்பில் டொயோட்டா, சுபாரு, மிட்சுபிஷி, ஃபோர்டு, சியாட், பெஜோ, ஸ்கோடா என்று ஏழு நிறுவனங்கள் மோதின. இப்போது உச்ச வகுப்பில் இருப்பது டொயோட்டா, ஹூண்டாய், அப்புறம் இங்கிலாந்தின் எம்-ஸ்போர்ட் நடத்தும் ஃபோர்டு அணி, அவ்வளவுதான். 2019 சீசனோடு சிட்ரோயன் கிளம்பிய பிறகு அந்த இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை.

செலவுதான் காரணம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எந்த விதியை மாற்றினால் செலவு குறையும் என்பதில்தான் சண்டை. எஞ்சினுக்குத் துணையாக இருந்த மின்மோட்டார்ப் பெட்டியான ஹைபிரிடைக் கழற்றியதே போதும் என்கிறார் ஒருவர், அடுத்த படியில் இருக்கும் மலிவான ராலி2 காரையே மேலே ஏற்றிவிடுங்கள் என்கிறார் இன்னொருவர், 2027 விதிகள் வரட்டும், பொறுங்கள் என்கிறார் மற்றொருவர். எந்தப் பக்கம் நிற்பது என்று குழம்பிப்போய்க் கேட்பவர்கள் நிறைய இருப்பதால் எல்லா வழிகளையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரின் விலையை மட்டும் வைத்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம். ஒரு பெரிய அணியின் பணம் காரை வாங்குவதில் கொஞ்சம்தான் போகிறது. அந்தக் காரை வருடம் முழுக்க மாற்றிக்கொண்டே இருப்பதில், சோதனை ஓட்டங்களில், 14 ராலிகளுக்கு ஆட்களையும் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு அலைவதில்தான் மிச்சமெல்லாம் கரைகிறது.

## எதை வைத்து அளப்பது

முதல் கேள்வி, ஒரு முழு சீசனுக்கு ஆகும் செலவு குறைகிறதா என்பது. ஷோரூம் விலையை இதில் சேர்க்காதீர்கள், அது வேறு கணக்கு. இரண்டாவது, தொழிற்சாலை ஆதரவு இல்லாத ஓர் அணி சொந்தப் பணத்திலோ ஸ்பான்சர் பணத்திலோ உள்ளே வர முடியுமா.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். இன்று மிச்சமாகும் பணம் மூன்று வருடம் கழித்தும் மிச்சமாகுமா? பொறியாளர்கள் கெட்டிக்காரர்கள், ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் வழி கண்டுபிடித்துவிடுவார்கள், இந்த விளையாட்டின் வரலாறே அதுதான்.

கடைசியாக இரண்டு: கார் பார்க்க வேகமாகவும் பிரமிப்பாகவும் இருக்குமா, ஏற்கெனவே பணம் போட்டுக் கார் வாங்கியவர்களின் கதி என்ன ஆகும்.

## வழி 1: இருக்கும் ராலி1 காரில் விலையுயர்ந்த பாகத்தைக் கழற்றுவது

இன்றைய உச்ச வகுப்புக் காரான ராலி1க்கு 2022ல் வந்த விதிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். செலவைக் குறைக்க வேண்டும் என்று அதில் நல்ல காரியங்கள் பல செய்தார்கள். சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும், மின்னணு முறையில் இயங்கும் மைய டிஃபரன்ஷியல் போயிற்று, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த பேடில் கியருக்குப் பதில் கையால் இழுக்கும் ஐந்து கியர் பெட்டி வந்தது, சஸ்பென்ஷன் மேலும் கீழும் போகும் தூரம் குறைந்தது, உடலுக்குள் ஒளிந்திருந்த காற்றுக் குழாய்கள் தடையாயின. எல்லாம் சரி. ஆனால் அதே விதிப்புத்தகத்தில் 100 கிலோவாட் ஹைபிரிட் பெட்டி ஒன்றையும் சேர்த்தார்கள். எல்லா அணிகளும் அதை ஒரே ஜெர்மன் நிறுவனத்திடமிருந்து பெற வேண்டும், சீல் வைத்தது, அணியின் மெக்கானிக் திறக்கக் கூடாது. காரின் பாதுகாப்பு விளக்கு பச்சையில் இல்லாவிட்டால் அந்தக் காரைத் தொடவே கூடாது, அதற்காக ஒவ்வொரு ராலியிலும் மார்ஷல்களுக்குத் தனிப் பயிற்சி வேறு. ஒரு கையால் மிச்சம் பிடித்ததை இன்னொரு கையால் செலவழித்த கதை. ஒரு ராலி1 காரின் விலை பத்து லட்சம் யூரோவைத் தொடுகிறது என்று பேச்சு வந்தது அப்போதுதான்.

2025ல் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டார்கள். குறைந்தபட்ச எடை 1260 கிலோவிலிருந்து 1180 கிலோவாக இறங்கியது, வேகம் எகிறிவிடாமல், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் ஏர் ரெஸ்ட்ரிக்டரை 36 மில்லிமீட்டரிலிருந்து 35க்குக் குறைத்தார்கள். செலவும் குறைந்தது, காரின் சத்தமும் நன்றாக இருந்தது. ஆனால் இந்தக் காரை எந்தப் புது நிறுவனம் வந்து வடிவமைக்கப்போகிறது? ஒன்றுமில்லை, இரண்டு வருடத்தில் காலாவதியாகும் விதிக்காக யாரும் புதிதாகக் கார் கட்டமாட்டார்கள். எடைப் பகிர்வே மாறிவிட்டதால் இருந்த மூன்று அணிகளும் பழைய சஸ்பென்ஷன் கணக்கையெல்லாம் மறுபடி போட வேண்டியிருந்தது, அந்தச் செலவை யாரும் பேசுவதில்லை.

ஆக, இது இடைக்கால ஏற்பாடு. புது விதி தயாராகும் வரை வண்டியை ஓட்டிக்கொண்டிருக்க இதைவிடப் பொருத்தமான வழி இல்லை, அதைத் தாண்டி இதில் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

## வழி 2: ராலி2 காரையே உச்ச வகுப்பாக்குவது

கேட்டதும் எல்லோருக்கும் பிடித்துப்போகும் யோசனை இது. 1.6 லிட்டர் டர்போ, 32 மில்லிமீட்டர் ரெஸ்ட்ரிக்டர், 1230 கிலோ, கிட்டத்தட்ட 290 குதிரைத்திறன். ஸ்கோடா, ஹூண்டாய், டொயோட்டா, சிட்ரோயன், ஃபோர்டு எல்லாரும் விற்கிறார்கள். திரும்பி வந்த லான்சியாகூட 2026ல் இந்த வகுப்பைத்தான் தேர்ந்தெடுத்தது. முன்னோடியான ஆர்5 வகுப்பு 2013ல் வந்தபோதே காருக்கு 180,000 யூரோ என்று விலை உச்சவரம்பு போட்டுத்தான் தொடங்கியது. பாகங்களுக்கும் விலை வரம்பு உண்டு, காரை மேம்படுத்த "ஜோக்கர்" என்று எண்ணி வைத்த வாய்ப்புகள் மட்டும்தான் உண்டு. உலக ராலி வகுப்புகளில் செலவுக் கட்டுப்பாடு உண்மையிலேயே வேலை செய்த இடம் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

நம் ஊர்க்காரர்களுக்கும் இதன் பலன் தெரியும். கௌரவ் கில் 2016லும் 2017லும் ஆசிய பசிபிக் பட்டத்தை வென்றது சென்னையின் எம்ஆர்எஃப் அணிக்காக ஓட்டிய ஸ்கோடா ஃபேபியா ஆர்5ல். 2022ல் அதே எம்ஆர்எஃப் டயரில், ஃபேபியா ராலி2 காரில், ஸ்பெயினின் எஃப்ரென் யாரேனா ஐரோப்பிய ராலி சாம்பியன் ஆனார். கடையில் போய் வாங்கக்கூடிய கார் இருந்ததால்தான் ஒரு டயர் கம்பெனியால் கண்டம் கண்டமாகப் போய்ச் சண்டை போட முடிந்தது.

2024 பிப்ரவரியில் உலக மோட்டார் பந்தயங்களுக்கு விதி போடும் அமைப்பான எஃப்ஐஏ இதைத்தான் கையில் எடுத்தது. ராபர்ட் ரீட், டேவிட் ரிச்சர்ட்ஸ் இருவர் தலைமையில் ஒரு குழு போட்டார்கள், இருவருமே உலக சாம்பியன் பட்டம் வென்ற கோ-டிரைவர்கள், அதாவது ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்பவர்கள். ராலி2 காருக்குப் பெரிய ரெஸ்ட்ரிக்டர், பெரிய சைலன்சர், பின்பக்க இறக்கை கொண்ட ஒரு கூடுதல் கிட் கொடுத்து, 2025 முதல் ராலி1க்குப் பக்கத்தில் கொண்டுவருவது என்பது திட்டம். தயாரிப்பாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், ஜூன் மாதம் எஃப்ஐஏ பின்வாங்கியது.

எதிர்ப்பில் சுயநலம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் சொன்னதில் நியாயமும் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். ராலி2 மலிவாக இருப்பதற்கு முக்கியமான காரணம், தொழிற்சாலை அணிகள் உலகப் பட்டத்துக்காக அதில் முட்டிமோதாததுதான். உச்ச வகுப்பாக்கிவிட்டால் என்ன நடக்கும்? வருடத்தில் ஒரு ஜோக்கர் என்றால் அந்த ஒரு ஜோக்கருக்காகப் பத்து வடிவங்களைச் செய்து சோதித்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள், அந்த ஒன்று வந்ததும் உள்ளூர் சாம்பியன்ஷிப்பில் சொந்தக் காசில் ஓட்டும் ஆளும் அதை வாங்கித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் பின்தங்கிவிடுவார். உலகப் பட்டத்தின் செலவு அப்படியே கீழே இறங்கி தேசிய ராலிகளை அடிக்கும். கிட் வேறு என்றால் ஒரே காருக்கு இரண்டு வடிவம், இரண்டு செட் உதிரிபாகம்.

இன்னொரு சிக்கல், ராலி2 கார் சந்தையில் விற்கும் காரை அடிப்படையாகக் கொண்டது. சின்ன ஹேட்ச்பேக்குகளோ ஒவ்வொன்றாகச் சந்தையை விட்டுப் போகின்றன. ஃபோர்டு ஃபியஸ்டாவின் உற்பத்தி 2023 ஜூலையில் முடிந்துபோனது.

தேசிய, கண்ட அளவிலான சாம்பியன்ஷிப்புக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. கிட் இல்லாமல், இருப்பது போலவே. உலகப் பட்டத்துக்கு வேண்டாம்.

## வழி 3: 2027 கார்

2024 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்த திட்டம். உச்சவரம்பு 345,000 யூரோ, நம் பணத்தில் மூன்று கோடிக்கு மேல். இரும்புக் குழாய்களால் ஆன பாதுகாப்புக் கூடு, அதன்மேல் எந்த உடலை வேண்டுமானாலும் மாட்டலாம்: ஹேட்ச்பேக், எஸ்யூவி, தனியாக வரைந்த வடிவம். எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் ராலி2 தரத்தில், சக்தி 300 குதிரைத்திறன் அளவில். முக்கியமான விஷயம், கார் கம்பெனியாக இல்லாத ஒரு ட்யூனரும் (பந்தயக் கார் கட்டும் தனிப் பட்டறை) காரைக் கட்டிப் போட்டியில் இறங்கலாம்.

ஃபியஸ்டா பிரச்சினை இதில் இல்லை. எந்த மாடல் விற்கிறதோ அந்த மாடலின் முகத்தைக் குழாய்க் கூட்டின்மேல் வைத்துக்கொள்ளலாம்.

இங்கே 1997ஐ நினைவுபடுத்த வேண்டும், ஏனென்றால் கிட்டத்தட்ட இதே வாக்குறுதியோடு அன்றும் ஒரு விதி வந்தது. அதற்கு முன் குரூப் ஏ காலத்தில், நான்கு சக்கர இயக்கமும் டர்போவும் உள்ள சாலைக் காரை ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்தால்தான் ராலியில் இறங்க முடியும், முதலில் 5,000, பின்னாளில் 2,500. லான்சியா டெல்டா இன்டக்ராலே, சுபாரு இம்ப்ரெசா, மிட்சுபிஷி லான்சர் எவோ எல்லாம் அப்படிப் பிறந்தவை. 1997ல் "வேர்ல்டு ராலி கார்" விதி அந்தச் சுமையை இறக்கியது, சாதாரணக் குடும்பக் காரை எடுத்து டர்போவும் நான்கு சக்கர இயக்கமும் பொருத்திக்கொள்ளலாம் என்றது. இரண்டே வருடத்தில் ஏழு நிறுவனங்கள். அற்புதமான பலன்.

ஆனால் உள்ளே வந்த பிறகு அவர்கள் செய்யக்கூடியதற்கு வரம்பு போதவில்லை. மூன்று டிஃபரன்ஷியல்களும் ஹைட்ராலிக், மென்பொருள் என்று மாறின, ஒவ்வொரு சாலைக்கும் தனி நிரல், அதை எழுதத் தனி ஆள். 2006ல் முன், பின் இரண்டு டிஃபரன்ஷியல்களிலும் அந்த வசதியைத் தடை செய்தார்கள். தாமதம். 2005 முடிவிலேயே பெஜோ, மிட்சுபிஷி, ஸ்கோடா தொழிற்சாலை அணிகள் போய்விட்டன. 2008 டிசம்பரில், ஒரே வாரத்தில், சுசூகியும் சுபாருவும் அறிவித்துவிட்டு வெளியேறின. மிஞ்சியது சிட்ரோயனும் ஃபோர்டும். நுழைவுக் கட்டணத்தைக் குறைத்தவர்கள் உள்ளே நடக்கும் செலவைக் கவனிக்கவில்லை, பத்து வருடத்தில் வந்த கூட்டம் அப்படியே கலைந்துபோனது.

2027 விதியிலும் எனக்கிருக்கும் பயம் இதுதான். 345,000 என்பது விற்பனை விலையின் வரம்பு. அந்தக் காரை உருவாக்க ஒரு நிறுவனம் எவ்வளவு கொட்டியது என்பதற்கு அது வரம்பு ஆகாது. நஷ்டத்துக்கு விற்றாலும் விளம்பரத்தில் எடுத்துவிடலாம் என்று ஒரு பெரிய நிறுவனம் நினைத்தால், கார் விற்றுத்தான் சம்பளம் கொடுக்க வேண்டிய ட்யூனர் எங்கே போவார்?

ராலி2 கார்களும் பக்கத்திலேயே ஓடப்போகின்றன, சக்தியும் ஏறத்தாழ ஒன்றே. சில சாலைகளில் மலிவான கார் முந்திவிடலாம். முன்னரும் நடந்திருக்கிறது: 1999ல் கடலோனியாவிலும் கோர்சிகாவிலும், முன்சக்கர இயக்கமும் டர்போ இல்லாத எஞ்சினும் கொண்ட சிட்ரோயன் சாரா கிட் காரில் ஃபிலிப் புகால்ஸ்கி வேர்ல்டு ராலி கார்களையெல்லாம் தோற்கடித்தார். ரசிகனாக எனக்கு அது கொண்டாட்டம். ஆனால் பல கோடி போட்ட நிறுவனத்தின் இயக்குநர் குழு அதைப் பார்த்துவிட்டு அடுத்த வருடப் பட்ஜெட்டில் கையெழுத்துப் போடாது.

## வழி 4: காரை விட்டுவிட்டு, ராலி நடக்கும் விதத்தை மாற்றுவது

இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் பணம் அதிகம் ஒளிந்திருப்பது இங்கேதான்.

2025 காலண்டரில் 14 ராலிகள். கென்யா, பராகுவே, சிலி, ஜப்பான், சவுதி அரேபியா ஐந்தும் ஐரோப்பாவுக்கு வெளியே. ஒவ்வொன்றுக்கும் கார், உதிரிபாகம், சர்வீஸ் கூடாரம், சமையலறை உட்பட எல்லாம் போக வேண்டும். கப்பலில் அனுப்பினால் மலிவு, ஆனால் வாரக்கணக்கில் கடலில் கிடக்கும், அதனால் ஒரே சாமானை இரண்டு மூன்று செட் வாங்கி வைக்க வேண்டியிருக்கும். விமானத்தில் அனுப்பினால் செட் குறையும், கட்டணம் ஏறும். கூடவே மெக்கானிக்குகள், பொறியாளர்கள், விருந்தினர் உபசரிப்புக்கு ஆட்கள். மான்டி கார்லோ போன்ற இடங்களில், ஸ்டேஜ் (நேரம் கணக்கிட்டு ஓடும் சாலைப் பகுதி) தொடங்குவதற்கு முன்னால் பனி எங்கே இருக்கிறது என்று பார்த்துவரத் தனிக் கார், தனி ஓட்டுநர்.

எஃப்ஐஏவின் அதே 2024 முன்மொழிவில் இதற்கும் சில யோசனைகள் இருந்தன: ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு, கார்களைப் பழுது பார்க்கும் சர்வீஸ் பார்க் கட்டமைப்பை அந்தந்த ஊரிலேயே ஏற்பாடு செய்வது, பொறியாளர்கள் தொழிற்சாலையில் இருந்தபடியே காரின் தரவுகளைப் பார்ப்பது. முதல் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்கிறேன். மூன்றாவதில் எச்சரிக்கை வேண்டும். ஹோட்டல் செலவு மிச்சம் என்று நினைப்போம், பணக்கார அணியோ தொழிற்சாலையில் இருபது பேர் உட்காரும் அறை ஒன்றைத் திறந்துவிடும். களத்துக்கு வரும் ஆட்களை மட்டும் எண்ணினால் போதாது, தொழிற்சாலையில் உட்கார்ந்து தரவைப் பார்ப்பவர்களையும் எண்ண வேண்டும்.

டயரில் ஒரே சப்ளையர் என்ற விதி 2008ல் பிரெல்லியோடு வந்தது, இப்போது ஹான்கூக். டயர் போருக்காகவே நடந்த சோதனை ஓட்டங்கள் நின்றன, நல்ல சேமிப்பு. அதற்கு விலையும் உண்டு, ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் ஜெயித்த எம்ஆர்எஃப் மாதிரி ஒரு நிறுவனத்துக்கு உலக அரங்கில் கதவு மூடியே இருக்கிறது. 2008ல் பஞ்சர் ஆனாலும் ஓட உதவும் மூஸ் நுரையையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள், உடனே பஞ்சர் பயத்தில் கூடுதல் ஸ்பேர் சக்கரங்கள் காரில் ஏறின.

கை வைக்கக் கூடாத இடம் ரெக்கி, அதாவது ராலிக்கு முன் பாதையைப் பார்த்துக் குறிப்பெடுப்பது. ஒரு ஸ்டேஜை இரண்டு முறைதான் பார்க்கலாம் என்று ஏற்கெனவே விதி இருக்கிறது. ஒரு நாள் ஹோட்டல் மிச்சமாகும் என்று அதை இன்னும் குறைத்தால், அந்தக் குறிப்பான பேஸ் நோட்டில் வரும் சின்னத் தவறு ஆளையே கொன்றுவிடும். இதில் சமரசத்துக்கு இடமே இல்லை.

## வழி 5: எஃப்1 மாதிரி அணிக்கு மொத்த பட்ஜெட் வரம்பு

எஃப்1ல் 2021ல் 14.5 கோடி டாலர் என்று தொடங்கினார்கள், அங்கே ஓரளவு நிலைத்துவிட்டது. ராலிக்கு இது பொருந்தாது என்பது என் கருத்து. எஃப்1 அணிகள் பெரும்பாலும் தனிக் கம்பெனிகள், கணக்கைத் திறந்து பார்க்க முடியும். டொயோட்டாவின் ராலி அணி பின்லாந்தில், எஞ்சின் வேலை ஜெர்மனியின் கொலோனில், அதே கூரைக்கு அடியில் வேறு பந்தயக் கார்களுக்கும் வேலை நடக்கிறது. எம்-ஸ்போர்ட் வாடிக்கையாளர்களுக்குக் கார் கட்டி விற்கும் தொழிலும் செய்கிறது. எந்த மணிநேரம் எந்தக் காருக்கு என்று பிரிக்கவே ஒரு கணக்காளர் படை வேண்டும், மூன்று அணி உள்ள விளையாட்டுக்கு அந்தத் தணிக்கைச் செலவே பாரம். ஏழெட்டு நிறுவனங்கள் வந்து, ஆளாளுக்குப் பணத்தை வாரி இறைக்கும் நிலை வந்தால் மறுபடி பேசலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | சீசன் செலவு | புது அணி வர முடியுமா | மூன்று வருடம் தாங்குமா | கார் பார்க்க எப்படி | மறைந்த செலவு |
|---|---|---|---|---|---|
| ராலி1, ஹைபிரிட் இல்லாமல் | கொஞ்சம் குறையும் | வாய்ப்பில்லை | தாங்காது | பிரமாதம் | மறுபடி சோதனை, மறுபடி அமைப்பு |
| ராலி2 உச்ச வகுப்பாக | நன்றாகக் குறையும், முதலில் மட்டும் | சுலபம் | சந்தேகம் | சற்று மந்தம் | தேசிய ராலிகளில் விலை ஏறும் |
| 2027 கார் | குறையும் | முடியும், ட்யூனருக்கும் | துணை விதிகளைப் பொறுத்தது | நன்றாக இருக்க வாய்ப்பு | விலைக்கு வெளியே நடக்கும் மேம்பாடு |
| ராலி நடத்தும் முறை | நன்றாகக் குறையும் | உதவும் | தாங்கும் | பாதிப்பில்லை | வேலை தொழிற்சாலைக்கு இடம் மாறும் |
| பட்ஜெட் வரம்பு | தெரியாது, தணிக்கையைப் பொறுத்தது | பெரிதாக உதவாது | அணிகள் குறைவாக இருக்கும்வரை கடினம் | பாதிப்பில்லை | தணிக்கையும் வழக்கும் |

## சரி, யாருக்கு எது

தேசிய சாம்பியன்ஷிப் நடத்தும் சங்கமாக இருந்தால் ராலி2ஐ இருப்பது போலவே வைத்துக்கொள்ளுங்கள், கீழே ராலி3, ராலி4 வகுப்புகளை வளருங்கள். புதிய உச்ச வகுப்புக் காரை முதல் இரண்டு வருடம் உள்ளே விட வேண்டாம், உள்ளூர் ஆட்கள் வாங்கி வைத்திருக்கும் காரின் மதிப்பு ஒரே இரவில் சரிந்துவிடும்.

ராலி2 கார் வைத்திருக்கும் ஓட்டுநராக இருந்தால் பதறி விற்காதீர்கள். 2027க்குப் பிறகும் அந்தக் காருக்கு ஓட இடம் இருக்கிறது, புதுக் காரின் உதிரிபாகங்கள் என்ன விலைக்குக் கிடைக்கின்றன என்பது ஒரு முழு சீசன் ஓடினால்தான் தெரியும். கார் விலையைவிட, கல்லில் அடிபட்ட பிறகு மாற்ற வேண்டிய சஸ்பென்ஷன் கை என்ன விலை, எத்தனை நாளில் வரும் என்று கேளுங்கள்.

உலகப் பட்டத்தைப் பொறுத்தவரை நான் ஆதரிப்பது மூன்றாவது வழியும் நான்காவது வழியும் சேர்ந்தது. ஒன்று மட்டும் வந்தால் போதாது. கூடவே இரண்டு நிபந்தனைகள். ஜோக்கர் எண்ணிக்கையை ராலி2 போலவே இறுக்கிப் பிடிக்க வேண்டும், விபத்து அல்லது பாதுகாப்புக் காரணம் தவிர வேறு எதற்கும் தளர்த்தக் கூடாது. இரண்டாவது, தொழிற்சாலை அணியின் காரில் ஒரு ராலியில் ஓடிய எந்தப் பாகமும் அடுத்த ராலிக்குள் அச்சிட்ட விலைப்பட்டியலில் வந்து, கேட்கும் எந்த வாடிக்கையாளருக்கும் கிடைக்க வேண்டும், கிடைக்காவிட்டால் அந்தப் பாகத்தோடு எடுத்த புள்ளிகள் செல்லாது. 1997ல் இந்த இரண்டாவது நிபந்தனை இருந்திருந்தால், ஒவ்வொரு சாலைக்கும் தனி டிஃபரன்ஷியல் நிரல் எழுதுவதில் யாருக்கும் லாபம் இருந்திருக்காது. இதை எஃப்ஐஏ எழுத்தில் போடும்வரை 345,000 யூரோ என்ற எண்ணை நான் பாதிதான் நம்புவேன்.